காலையில் கிளம்பாத லாரியும் முந்தைய மாலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடுங்குளிர் தொடங்கிவிட்டால் சாலையோரம் நின்றுபோன லாரிகளின் படங்கள் நாளிதழ்களில் தவறாமல் வந்துவிடுகின்றன. படத்துக்குக் கீழே ‘குளிரால் பழுதான வாகனங்கள்’ என்று ஒரு வரியும் இருக்கும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டீசல் என்ஜின்களைப் பிரித்துப் பூட்டியவன் என்ற முறையில் அந்த ஒரு வரியோடு எனக்கு உடன்பாடில்லை. குளிரில் கிளம்பாமல் நின்ற வண்டிகளுள் நான் கைவைத்துப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை, முந்தைய மாலையில் செய்திருக்க வேண்டிய கால்மணி நேர வேலையையோ, குளிர்காலத்துக்கு முந்தைய மாதத்தில் செய்திருக்க வேண்டிய அரைநாள் வேலையையோ செய்யாமல் விட்டதால் நின்றவை. பழி மட்டும் காலையில் சாவியைத் திருப்புகிற ஓட்டுநர் மீது விழுகிறது. அந்த வேலை என்ன, அது ஏன் விடுபடுகிறது என்பதைத் தங்கள் வாசகர்களுள் லாரி உரிமையாளர்களாகவும் ஓட்டுநர்களாகவும் இருப்போருக்காகச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாவிட்டால் சுருக்கிக்கொள்ளலாம். டீசல் உறைவதைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பெட்ரோல் என்ஜினுக்குத் தீப்பொறி உண்டு. ருடால்ஃப் டீசல் 1890களில் உருவாக்கிய என்ஜினுக்கு அது கிடையாது. சிலிண்டருக்குள் இழுத்த காற்றை 15 முதல் 20 மடங்கு வரை நெருக்குவதால் மட்டுமே அது சூடேறுகிறது. அந்தச் சூட்டில் தூவப்படும் டீசல் தானாகப் பற்றிக்கொள்கிறது. ஓடிச் சூடான என்ஜினில் நெருக்கப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். டீசல் தானாகப் பற்ற அதில் ஏறக்குறையப் பாதி போதும். கையிருப்பு தாராளமாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் இரவெல்லாம் உறைகுளிரில் கிடந்த சிலிண்டர் சுவரும் பிஸ்டன் தலையும் அந்தச் சூட்டைப் பிறந்த கணத்திலேயே உறிஞ்சிக்கொள்கின்றன. அதோடு, செல்ஃப் மோட்டார் சோம்பலாகச் சுற்றினால் நெருக்கப்படும் காற்று பிஸ்டன் ரிங்குகளின் ஓரமாக நழுவித் தப்பிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. குளிர்ந்த காலையில் சைலன்சரிலிருந்து வெள்ளைப் புகை மட்டும் வந்து என்ஜின் பிடிக்காமல் இருந்தால், டீசல் உள்ளே போகிறது, பற்றும் அளவுக்குச் சூடு இல்லை என்று பொருள். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை என்று கொள்ளலாம். இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே பாதிப் பழுதைக் கண்டுபிடித்தாயிற்று; ஆனால் பதற்றத்தில் நிற்கிற யாரும் வண்டியின் பின்புறம் போய்ப் பார்ப்பதில்லை.

ஆக, வேகமாகச் சுழல்வதே முதல் தேவை. அதைத் தருவது பேட்டரி. ஈய அமில பேட்டரிக்குள் நடப்பது வேதிவினை என்பதால் குளிரக் குளிர அது மந்தமாகிறது. மைனஸ் 18 டிகிரியில் நல்ல பேட்டரிகூடத் தன் வலுவில் ஏறக்குறையப் பாதியைத்தான் தரும். அதே குளிரில் தடித்துப்போன என்ஜின் ஆயிலை எதிர்த்துச் சுழற்றுவதற்கோ வழக்கத்தைப் போல் இரு மடங்குக்கும் மேலான விசை வேண்டும். வரவு பாதியாகி, செலவு இரட்டிப்பாகிற இந்தக் கணக்கில், கோடையில் ‘எப்படியோ எடுக்கிறது’ என்று ஓட்டிக்கொண்டிருந்த பேட்டரி குளிர்காலத்தின் முதல் வாரத்திலேயே கைவிடுவதில் வியப்பில்லை. பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் குளிர்த் தொடக்க மின்னோட்டம் ஆம்பியரில் அச்சிடப்பட்டிருக்கும். மைனஸ் 18 டிகிரியில், 12 வோல்ட் பேட்டரியின் அழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் கீழே போகாமல் 30 விநாடி தரக்கூடிய மின்னோட்டம் அது. புதிய பேட்டரி வாங்கும்போது விலைக்கு அடுத்தபடியாக ஆம்பியர்-மணி அளவைக் கேட்கிறோம்; இந்த எண்ணைக் கேட்பவர்களை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான கனரக லாரிகளில் இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று தளர்ந்ததும் அதை மட்டும் மாற்றுவது சிக்கனம்போலத் தெரிந்தாலும், பழையது புதியதையும் கீழே இழுத்துக்கொண்டு போய்விடும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரியில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 இருந்தால் பாதி என்பது எளிய அளவுகோல். இது கிளம்புவதற்கு மட்டுமான கணக்கன்று: முழுச் சார்ஜில் உள்ள பேட்டரியின் அமிலம் மைனஸ் 50 டிகிரி வரை உறையாது, முழுவதும் இறங்கிப்போன பேட்டரியில் இருப்பதோ கிட்டத்தட்டத் தண்ணீர், அது மைனஸ் 10 டிகிரி வருவதற்குள் உறைந்து பெட்டியையே பிளந்துவிடும். பக்கவாட்டில் உப்பியிருக்கும் பேட்டரிக்குச் சார்ஜரையோ வேறு வண்டியின் கேபிளையோ இணைக்கவே கூடாது, வெடிக்கும். டெர்மினல்களில் பூத்திருக்கும் வெண்பச்சைப் பூவைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, கவ்விகளை இறுக்கி, என்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் கேபிளின் இரு முனைகளையும் சுரண்டிப் பூட்டினாலே செத்துவிட்டதாக ஒதுக்கப்பட்ட பேட்டரிகள் பல உயிர்பெறுவதைக் கண்டிருக்கிறேன். சாவியைத் திருப்பும்போதும் ஒரு தடவைக்கு 15 விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் இரண்டு நிமிடமாவது ஆறவிட வேண்டும். விடாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் பேட்டரியோடு செல்ஃப் மோட்டாரும் போகும்.

என்ஜின் ஆயில் டப்பாவில் உள்ள 15W-40 என்ற எழுத்துகளில் முதல் எண் குளிருக்கானது. 15W என்றால் மைனஸ் 20 டிகிரி வரை என்ஜினைச் சுழற்ற இயலும், மைனஸ் 25 வரை ஆயில் பம்ப் அதை இழுக்க இயலும் என்ற அளவில் அந்த ஆயில் சோதிக்கப்பட்டிருக்கிறது. 10W, 5W, 0W என இறங்க இறங்க இந்த எல்லை ஒவ்வொரு படிக்கும் 5 டிகிரி கீழே போகும். எல்லைக்கு அருகில் என்ஜின் சுழன்று பிடித்துவிட்டாலும், மேலே உள்ள டர்போவுக்கும் வால்வுகளை இயக்கும் ராக்கருக்கும் ஆயில் போய்ச் சேரும்வரை உலோகத்தோடு உலோகம் உரசிக்கொண்டிருக்கும். உற்பத்தியாளரின் கையேடு அனுமதிக்கிற மெல்லிய தரத்தைக் குளிர்காலத்துக்கு முந்தைய ஆயில் மாற்றத்திலேயே ஊற்றிவிடுவது நல்லது. ‘கெட்டியான ஆயில்தான் என்ஜினுக்குப் பலம்’ என்ற நம்பிக்கை எங்கள் தொழிலில் வேரோடியது. அதை என்னால் ஒருவரிடமும் முழுதாகப் பிடுங்க முடிந்ததில்லை.

இனி டீசல். டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. அதை அசுத்தம் என்று எண்ணிவிடக் கூடாது. டீசல் நன்றாகப் பற்றி எரிவதற்கு அந்தப் பாரஃபினே முக்கியக் காரணம். குளிர் ஓரளவுக்குக் கீழே போனதும் அந்த மெழுகு நுண்ணிய படிகங்களாகப் பிரிந்து, தெளிவாக இருந்த டீசல் கலங்கித் தெரியும். எண்ணெய்த் துறையினர் இதைக் ‘கிளவுட் பாயின்ட்’ என்கிறார்கள். இன்னும் சில டிகிரி இறங்கினால் அந்தப் படிகங்கள் ஃபில்டரின் நுண்துளைகளை அடைத்துவிடும். மேலும் இறங்கினால் டீசலே அசையாமல் கூழாகிவிடும். கோடைக்கென வடித்த டீசலின் கலங்கும் வெப்பநிலை சில வேளைகளில் பூஜ்யம் டிகிரிக்கு மேலேயேகூட இருக்கும் என்பதுதான் பலரும் அறியாதது. தண்ணீரே உறையாத குளிரில் டீசல் எப்படி உறையும் என்று என்னிடம் வாதிட்ட உரிமையாளர்கள் உண்டு. அவர்கள் வண்டியின் ஃபில்டரைக் கழற்றிக் காட்டித்தான் வாதத்தை முடிக்க வேண்டியிருந்தது. பயோடீசல் கலந்த எரிபொருளில் கலங்கும் வெப்பநிலை கூடுதலாகவே இருக்கும். பாமாயிலிலிருந்து செய்த தூய பயோடீசல் 10 டிகிரிக்கு மேலேயே கலங்கத் தொடங்கிவிடும்.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், மெழுகு கட்டிய வண்டி பெரும்பாலும் காலையில் கிளம்பிவிடும். ஃபில்டருக்கு அப்பால் குழாயிலும் பம்ப்பிலும் தங்கியிருந்த டீசலில் என்ஜின் பிடித்து, சில நிமிடம் ஓடி, கொஞ்ச தூரம் போனதும் இழுவை குறைந்து, இருமி, நின்றுவிடும். நான் தொழில் பழகிய காலத்தில், சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு இரவோடு இரவாக உயரமான மேட்டுநிலத்துக்கு ஏறி அங்கே நிறுத்தப்பட்ட லாரி ஒன்று மறுநாள் இப்படித்தான் நின்றது. ஓடிக்கொண்டிருந்தவரை என்ஜினிலிருந்து திரும்பி வந்த வெதுவெதுப்பான டீசல் டேங்கைக் காப்பாற்றியது. நிறுத்திய பிறகு காப்பாற்ற எதுவும் இல்லை. நான் முதலில் ஏர் லாக், அதாவது குழாயில் காற்று புகுந்து டீசலை மறிக்கிறது என்று முடிவுகட்டி, ஹேண்ட் பம்ப்பை அடித்து அடித்துக் கை வலிக்க நின்றேன். பம்ப் கல்லாக இருந்தது. பிறகு ஃபீட் பம்ப்பைச் சந்தேகித்துக் கழற்றினேன். குழாய் இணைப்புகளைக் கழற்றினேன். விறைத்த விரல்களால் ஒரு வாஷரைத் தொலைத்து அதைத் தேடுவதிலும் நேரம் போயிற்று. நண்பகல் வெயில் டேங்க் மேல் விழுந்த பிறகு, நான் எதையும் சரிசெய்யாமலேயே டீசல் வரத் தொடங்கியது. அதன் பின்னர்தான் ஃபில்டரைத் திறந்தேன். உள்ளே இளகிக்கொண்டிருந்த மெழுகைப் பார்த்தபோது, காலை முழுவதும் ஒரு குறையும் இல்லாத பம்ப்பைக் கழற்றிப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறோம் என்று விளங்கியது. அன்றுமுதல் குளிர்ப் பகுதிக்குப் போகிற எந்த வண்டியிலும் ஒரு புதிய ஃபில்டரும் அதைக் கழற்றும் பட்டை ஸ்பேனரும் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பேன்.

குளிருக்கென வடித்த டீசல் கிடைக்கிற இடங்களில் அதையே நிரப்புவதுதான் முறையான வழி. குளிர்ப் பகுதிக்குள் நுழையும்போது டேங்கில் சமவெளி டீசல் முக்கால்வாசி இருந்தால், மேலே கிடைக்கும் நல்ல டீசலைச் சேர்க்க இடமே இராது. ஆகவே எங்கே எவ்வளவு நிரப்புவது என்பதைப் பயணத்துக்கு முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். மெழுகைத் தடுக்கும் கலவைகள் கடைகளில் கிடைக்கின்றன. அவை பயனுள்ளவையே, ஆனால் டீசல் கலங்குவதற்கு முன்பே, டீசல் வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றப்பட வேண்டியவை. அவை படிகங்கள் பெரிதாக வளர்வதைத் தடுக்குமேயன்றி, கட்டிய மெழுகைக் கரைக்கமாட்டா. உறைந்த பிறகு டேங்கில் ஊற்றிவிட்டு, ‘கம்பெனி மருந்து வேலை செய்யவில்லை’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதில் பொருளில்லை.

மண்ணெண்ணெய் கலப்பது பழைய வழக்கம். பத்து சதவீதம் கலந்தால் ஓரிரு டிகிரிதான் பலன் கிடைக்கும். அதற்கு ஈடாக மசகுத்தன்மை குறையும். பழைய என்ஜின்கள் அதைப் பொறுத்துக்கொண்டன. டீசலை ஒரே உயரழுத்தக் குழாயில் தேக்கி இன்ஜெக்டர் வழியே சிலிண்டருக்குள் தூவும் இன்றைய காமன் ரயில் என்ஜின்களில், 1,500 பாருக்கும், அதாவது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 1,500 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் இயங்கும் பம்ப்புக்கு அந்த டீசலே மசகு என்பதால், உற்பத்தியாளர் அனுமதிக்காத கலப்பு பம்ப்பையும் இன்ஜெக்டரையும் தேய்த்துவிடும். வரிச்சலுகை பெற்ற மண்ணெண்ணெயை வண்டியில் ஊற்றுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பெட்ரோல் கலப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. டீசலின் ஆவி தீப்பற்ற 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்ரோலின் ஆவியோ மைனஸ் 40 டிகிரியிலும் பற்றும். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலும் டீசல் டேங்க் பெட்ரோல் டேங்காக மாறிவிடுகிறது.

மெழுகைப் போலவே வழிமறிப்பது தண்ணீர். பாதி காலியான டேங்கின் உட்சுவரில் இரவில் ஈரம் வியர்த்து, அடியில் இறங்கி, ஃபில்டரின் கீழ்க் கிண்ணத்தில் சேர்ந்து உறைகிறது. மாலையில் டேங்கை நிரப்பிவிட்டு, வண்டி சூடாக இருக்கும்போதே அந்தக் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து நீரை வடிப்பது இரண்டு நிமிட வேலை. காலையில் அதே திருகு பனிக்கட்டியோடு பனிக்கட்டியாக இறுகியிருக்கும்.

உறைந்த டேங்குக்கு அடியில் துணியைச் சுருட்டி டீசலில் நனைத்துக் கொளுத்துவதை இன்றும் சாலையோரங்களில் காண்கிறேன். 1941-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் கிழக்குப் போர்முனையில் ஜெர்மானியப் படையினர் தங்கள் வண்டிகளுக்கு அடியில் நெருப்பு மூட்டியதைப் படித்திருக்கிறோம்; குளிருக்கான ஆயத்தம் எதுவும் இல்லாமல் போனவர்களுக்கு அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்றைய லாரியின் அடியில் நைலான் பிரேக் குழாய்களும், பிளாஸ்டிக் டீசல் குழாய்களும், மின்கம்பிகளின் கட்டும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று உருகினாலே வண்டி அன்றைக்கு நகராது. தீ பரவினாலோ சரக்கும் மிஞ்சாது. வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டர் மீதும் குழாய்கள் மீதும் சுற்றுவது, வண்டியைக் காற்றடிக்காத கொட்டகைக்கு இழுத்துச் செல்வது, வெயிலுக்குக் காத்திருப்பது ஆகியவை மெதுவானவை. ஆனால் யாரையும் கொன்றதில்லை.

நெருப்புக்கு இணையான இன்னொரு குறுக்குவழி, காற்று உறிஞ்சும் குழாயில் ஈதர் அடிப்பது. ஏறக்குறைய 170 டிகிரியிலேயே பற்றிக்கொள்ளும் ஈதர், பிஸ்டன் மேலே வந்து சேருவதற்கு முன்பே வெடித்து, ஏறிவரும் பிஸ்டனைத் தலையில் அடிக்கும். ரிங்குகள் உடைவதும் பிஸ்டன் விரிசல் விடுவதும் இப்படித்தான். ஹீட்டர் பிளக்கோ, உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கும் கிரிட் ஹீட்டரோ பொருத்திய என்ஜினில் அடித்தால், பழுக்கக் காய்ச்சிய கம்பியைத் தொட்ட ஈதர் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும். ஈதர் அடித்தால்தான் கிளம்பும் என்ற நிலைக்கு ஒரு வண்டி வந்திருந்தால், அந்த ஹீட்டர்களில் ஏதோ ஒன்று முன்பே எரிந்துபோயிருக்கிறது, அல்லது காற்றை நெருக்கும் வலு, அதாவது கம்ப்ரஷன் இறங்கியிருக்கிறது என்று அறிய வேண்டும். அந்த ஹீட்டர்கள் சூடாகிவிட்டதைக் காட்டும் டேஷ்போர்டின் சுருள் வடிவ விளக்கு அணையும்வரை பொறுத்துச் சாவியைத் திருப்பும் பழக்கமே பலரிடம் இல்லை என்பது வேறு கதை.

மின்வசதி உள்ள இடத்தில் நிறுத்துகிறவர்களுக்கு பிளாக் ஹீட்டரைவிட நல்ல துணை கிடையாது. என்ஜினைச் சுற்றியுள்ள கூலன்ட்டை, அதாவது குளிர்விக்கும் திரவத்தைச் சூடாக்கும் இந்தக் கருவி பெரும்பாலும் 1,000 முதல் 1,500 வாட் வரை மின்சாரம் எடுக்கும். இரவு முழுவதும் எரியவிடத் தேவையில்லை. கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பு ஒரு டைமர் அதை இயக்கினால் போதும். என்ஜின் வெதுவெதுப்பாக இருந்தால் மேலே சொன்ன பேட்டரி, ஆயில், கம்ப்ரஷன் சிக்கல்கள் மூன்றுமே ஒருசேரத் தணிந்துவிடுகின்றன. மின்சாரம் இல்லாத இடத்தில் டீசலிலேயே எரியும் சிறிய ஹீட்டர்கள் அதே வேலையைச் செய்கின்றன. விலை கூடுதல்தான், ஆனால் ஒரு என்ஜினைப் பிரித்துப் பூட்டும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கூலன்ட்டில் நான் கண்ட தவறுகள் இரண்டு. ஒன்று, கோடை முழுவதும் குறையக் குறைய வெறும் தண்ணீரை ஊற்றி நிரப்பிவிட்டுக் குளிரை எதிர்கொள்வது. உறையும் நீர் ஒன்பது சதவீதம் பெருகும், அதற்கு முன்னால் என்ஜின் பிளாக்கின் வார்ப்பிரும்பும் நிற்காது. இன்னொன்று, பயந்துபோய், உறைவதைத் தடுக்கும் எத்திலீன் கிளைக்காலைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றிவிடுவது. பாதிக்குப் பாதி கலந்த கரைசல் மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். தூய கிளைக்காலோ மைனஸ் 13 டிகிரியிலேயே உறைந்துவிடும். நிறத்தைப் பார்த்து வலிமையைச் சொல்ல முடியாது. ஒளி விலகலை வைத்துக் கரைசலின் வலிமையைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் உடனே தெரியும். இந்தத் திரவம் நஞ்சு, அதோடு இனிக்கவும் செய்யும் என்பதால், வடித்ததைத் திறந்த வாளியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது, நாய்கள் நக்கிவிடும்.

இதுவரை சொன்னவை கிளம்புவதைப் பற்றியவை. கிளம்பிய வண்டி நிற்கவும் வேண்டும். ஏர் பிரேக்குக்கான காற்றைக் கம்ப்ரஸர் நெருக்கும்போது அதிலுள்ள ஈரம் பிரிந்து ஏர் டேங்கில் தேங்குகிறது. குளிரில் அது வால்வுகளுக்குள் உறைந்தால் பிரேக் பிடிக்காது, அல்லது பிடித்தது விடாது. ஏர் டேங்குகளின் வடிகால் வால்வை ஒவ்வொரு மாலையும் இழுத்துவிட வேண்டும். தண்ணீரோடு எண்ணெயும் வந்தால் காற்றின் ஈரத்தை நீக்கும் ஏர் டிரையரின் வடிப்பானை மாற்ற நேரம் வந்துவிட்டது என்று பொருள். எப்படியும் குளிர்காலத்துக்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. உறைந்த வால்வை இளக்க ஏர் குழாயில் ஸ்பிரிட் ஊற்றுவோர், அது ரப்பர் சீல்களை உலர்த்திக் கெடுத்துவிடும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரச் சாலையில் வந்து நிறுத்தும்போது, கடைசிக் கொஞ்ச தூரம் பிரேக்கை மெல்ல அழுத்தியபடி ஓட்டி டிரம்மை உலர்த்திக்கொண்டால் பிரேக் ஷூக்கள் டிரம்மோடு ஒட்டி உறையமாட்டா. சமதரையாக இருந்தால், பார்க்கிங் பிரேக் போடுவதற்குப் பதிலாகச் சக்கரங்களுக்குக் கட்டை வைப்பதும் உதவும்.

புதிய லாரிகளில் புகையின் நச்சைக் குறைப்பதற்காக உள்ள யூரியா கரைசல், அதாவது ஓட்டுநர்கள் ‘ஆட்புளூ’ என்று சொல்வது, மைனஸ் 11 டிகிரியில் உறையும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். உறைந்திருந்தாலும் என்ஜின் கிளம்பும், பிறகு வண்டியே அதைச் சூடேற்றி இளக்கிக்கொள்ளும். உறையும்போது அது ஏழு சதவீதம் அளவுக்குப் பெருகும் என்பதால் விளிம்புவரை நிரப்பி நிறுத்தாமல் இருந்தால் போதும். உறையாமலிருக்க அதில் வேறு எதையாவது கலப்பது, புகையைச் சுத்திகரிக்கும் விலை உயர்ந்த கேட்டலிஸ்ட்டைக் கெடுக்கும் வேலை. டயரைப் பற்றியும் ஒரு வரி: 20 டிகிரியில் 100 பிஎஸ்ஐ காற்றடித்த டயர் மைனஸ் 10 டிகிரியில் ஏறக்குறைய 12 பிஎஸ்ஐ இழந்திருக்கும், ஓடுவதற்கு முன், குளிர்ந்த நிலையிலேயே அளந்து நிரப்ப வேண்டும்.

இத்தனை தொல்லைக்குப் பதிலாக என்ஜினை அணைக்காமல் இரவெல்லாம் ஓடவிடுவதே மேல் என்று கருதுவோர் நிறைய இருக்கிறார்கள். கனரக லாரி சும்மா நின்று ஓடினால் மணிக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் டீசல் எரியும். பத்து மணி நேரத்துக்கு முப்பது லிட்டர். செலவு ஒருபுறம் இருக்க, சுமையில்லாமல் மெதுவாக ஓடும் என்ஜின் போதிய சூட்டை எட்டாததால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி ஆயிலை நீர்க்கச் செய்கிறது. புகைக்கரி வடிப்பான் விரைவில் அடைத்துக்கொள்கிறது. மிகக் கொடிய குளிரில், ஹீட்டர் வசதி எதுவும் இல்லாத இடத்தில், ஓடவிடுவதைத் தவிர வழியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்போதும் என்ஜின் வேகத்தை நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்வது நல்லது. புகை கேபினுக்குள் வராதபடி சைலன்சர் இணைப்புகளைப் பார்த்துக்கொள்வதும் கட்டாயம். கேபினுக்குள் கரி மூட்டிக் குளிர்காய்ந்தபடி தூங்குவதை எந்தக் காரணத்தாலும் ஏற்க முடியாது. கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்குகிறவரை அது எழுப்பாது. காலையில் கிளம்பிய என்ஜினும் மூன்று முதல் ஐந்து நிமிடம் நின்று ஓடினால் போதும்; மிச்சச் சூட்டை மெதுவாக ஓட்டியே ஏற்றிக்கொள்ளலாம். கிளம்பியவுடன் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவது டர்போவின் ஆயுளைக் குறைப்பதற்கான நேர்வழி.

இவ்வளவும் தெரிந்த ஓட்டுநர்கள் பலர் இருக்கிறார்கள். பிறகு ஏன் செய்வதில்லை என்று கேட்டால், நீர் வடித்தல், டேங்க் நிரப்புதல், பேட்டரி பார்த்தல், பிரேக் உலர்த்தல் ஆகிய எல்லாமே வண்டியை நிறுத்திய பிறகு அல்லது நிறுத்துகிற நேரத்தில் செய்ய வேண்டியவை. அந்த நேரத்துக்குக் கூலி கிடையாது. பயணக் கணக்கு சரக்கு சேர்ந்ததோடு முடிந்துவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டிக் களைத்தவரிடம், கூலியில்லாத கால்மணி நேரம் உறைகுளிரில் கீழே படுத்துத் திருகைத் திறக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் வண்டி நின்றதற்கும் அவரையே கேட்பது முறையாகுமா? ஒரு நாள் தாமதத்துக்கு உரிமையாளர் இழப்பது அந்தக் கால்மணி நேரக் கூலியைப் போல் எத்தனை மடங்கு என்பதை அவரவர் பேரேட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். குளிர்கால வழித்தடங்களில் மாலைப் பராமரிப்பை வேலை நேரமாகவே எழுதி, அதற்கென ஒரு சிறு தாளில் ஓட்டுநரின் கையெழுத்தையும் பெறும் உரிமையாளர் ஒருவரிடம் நான் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். குளிர்காலத்தில் எனக்கு அங்கே வேலை குறைவு.

எரிபொருள் விற்போரிடமும் ஒரு கோரிக்கை உண்டு. ஐரோப்பாவின் டீசல் தர விதியான இஎன் 590, எந்தக் குளிர் வரை ஃபில்டரை அடைக்காமல் ஓடும் என்பதை வைத்து டீசலைப் பிளஸ் 5 டிகிரியிலிருந்து மைனஸ் 20 டிகிரி வரை ஆறு வகைகளாகவும், கடுங்குளிர் நாடுகளுக்கென மைனஸ் 44 டிகிரி வரை மேலும் சில வகைகளாகவும் பிரித்திருக்கிறது. அளக்க முடிந்த, அளக்கப்படுகிற ஓர் எண் அது. ஆனால் டீசல் நிரப்பும் இடத்தில் விலைப்பலகையைப் பார்க்கிற ஓட்டுநருக்கு லிட்டர் விலை தெரிகிறது, அந்த எண் தெரிவதில்லை. சுத்திகரிப்பு ஆலையின் சோதனைத் தாளில் இருக்கும் எண்ணைப் பங்க்கின் பலகையிலும் எழுதிவைப்பதற்கு ஒரு சுண்ணக்கட்டியும் மனமும் போதும். தாங்கள் நாள்தோறும் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலையை வானிலைக் கட்டத்தில் அச்சிடுகிறீர்கள். அந்த எண்ணையும் பங்க்கில் உள்ள எண்ணையும் அருகருகே வைத்துப் பார்க்க முடிந்தால், இந்த டீசலோடு இன்றிரவு மேலே ஏறலாமா, கீழேயே தங்கிவிட்டு விடிந்தபின் ஏறலாமா என்பதை ஓட்டுநர் தாமே முடிவு செய்துகொள்வார்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற டீசல் மெக்கானிக்